புள்ளி விழாத இரவு

ரூபனுக்கு அது ஞாயிறு காலை பத்து மணிக்குத் தோன்றியது.
பத்தே காலுக்குப் பணம் கட்டினான்.
சாயங்காலம் பெரம்பூர் மூன்றாம் மாடிக்கு
ஒரு பையன் தோளில் ஏறி வந்தது கீபோர்டு.
செருகினான். வானவில் எரிந்தது.
"முடிஞ்சது" என்றான்.
இரண்டாயிரத்து நானூறு. மவுஸ் பேட் இலவசம்.

எனக்கு நான்கு மாதம்.

தகடு அம்பத்தூர் எஸ்டேட்டில் வெட்டியது.
"கேட் கிரில்லா மேடம்?" என்று கேட்ட லேசர்காரர்
அரை மில்லிமீட்டர் தப்பாக வெட்டி
அதற்கும் சேர்த்துப் பில் போட்டார்.
ஸ்விட்சுகள் மீனம்பாக்கம் சுங்கத்தில்
பதினெட்டு நாள் படுத்துக் கிடந்தன.
"என்ன பொருள்?"
"பொத்தான்."
"சட்டைக்கா?"
"எழுத்துக்கு."
அந்த அதிகாரி சிரிக்கவில்லை.

அறுபத்தெட்டு ஸ்விட்ச்.
ஒவ்வொன்றாகத் திறந்து, ஸ்பிரிங்கை எடுத்து,
ஐலைனர் பிரஷ்ஷால் கிரீஸ் தடவி மூட வேண்டும்.
கூடினால் சேறு, குறைந்தால் மணல்.
ராத்திரிக்கு ஒன்பதுதான் ஆனது.
ஃபேன் போட்டால் கிரீஸில் தூசி ஒட்டும்.
மே மாதம், சென்னை,
மூக்கு நுனியில் வியர்வை.
"இதுக்குள்ள நான் ஒரு நாவலே அடிச்சிருப்பேன்"
என்றான் கட்டிலிலிருந்து.
அடித்திருக்கலாம்தான். அடிக்கவில்லை.

விலை கேட்டபோது மூன்று பங்காகப் பிரித்துச் சொன்னேன்.
மூன்றாம் பங்கை இன்னும் சொல்லவில்லை.

என் பிழைப்பு, அடுத்தவர் வாக்குமூலம்.
பாரிமுனை வக்கீல் ஒலிப்பதிவு அனுப்புவார்.
அதில் யாரோ விம்முவார்கள், யாரோ தொண்டையைக் கனைப்பார்கள்.
நான் எழுத்தாக்குவேன், பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
இடது சுட்டுவிரலுக்கடியில்
எல்லாக் கீபோர்டிலும் ஒரு சின்ன மேடு உண்டு.
தமிழ்99-இல் அங்கேதான் புள்ளி.
பதினோரு வருடமாக என் விரல்
பார்க்காமலே போய் நிற்கும் இடம்.

கட்டி முடித்த இரவு முதல் எழுத்தை அடித்தேன்.
பவுடர் போட்ட கேரம் போர்டில்
காய் குழிக்குள் விழும் சத்தம்.
இன்னொன்று. இன்னொன்று.
காலைக்குள் நாற்பத்திரண்டு பக்கம் தர வேண்டும்,
நான் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் பக்கத்தில் புள்ளி விழவில்லை.
இரட்டை எழுத்துக்கு அதுவே வைத்துக்கொண்டது,
மற்றதெல்லாம் மொட்டை.
"அவன் அடித்தான்" என்று சாட்சி சொல்கிறார்,
"அவன அடித்தான" என்கிறது திரை.
அடித்தவன் அடிபட்டவனாகிவிட்டான்.
ஓலையில் புள்ளி வைத்தால் கிழியுமென்று
வைக்காமலே எழுதினார்களாம்.
கோர்ட்டில் அது செல்லாது.

சால்டரிங் அயர்ன் கடன் வாங்கியது.
முந்தின நாள்தான் ரிச்சி தெரு தௌலத்திடம் திருப்பிக் கொடுத்திருந்தேன்.
ரூபனுடையதைச் செருகினேன்.
வானவில்லை அணைக்கத் தெரியவில்லை.
ஒரு கொலை முயற்சி வழக்கை
பச்சை, ஊதா, ஆரஞ்சு வெளிச்சத்தில் அடித்து முடித்தேன்.
ஸ்பேஸ் பார் ஷேர் ஆட்டோ தகரம் போல் ஆடியது.
ஆனால் ஒரு எழுத்தும் தவறவில்லை.
அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மறுநாள் தௌலத் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தான்.
"தொட்டிருக்குக்கா, ஒட்டல."
இரண்டு விநாடி, ஒரு இழை புகை.
காசு வாங்கவில்லை.

இன்று இரவு ரூபன்
தன்னுடையதைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு வந்தான்.
"ஸ்பேஸ் பார் மட்டும்... உன்னுது மாதிரி?"
திருகாணிக்கு மேல் ஒரு வெள்ளி ஸ்டிக்கர்,
கிழித்தால் வாரண்டி போகும்.
இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.
"நீ கிழி" என்றான்.
"உன்னுது. நீயே கிழி."

கட்டைவிரல் நகம் ஸ்டிக்கர் ஓரத்தில் நிற்கிறது.
கீழே ஆவடி லோக்கல் போகிறது.
நான் கிரீஸ் டப்பாவைத் திறந்து வைத்திருக்கிறேன்.